ஆடு ஏறாத பாறைகள்: தூரத்துத் தீவுகளில் செடிகளுக்கு இடம் குறிக்கும் வேலை

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் சரணாலயம் என்றாலே யானைதான். 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் (சுமார் 504 சதுர கிலோமீட்டர்), 2022-ல் வந்த காவிரி தெற்கு (சுமார் 686 சதுர கிலோமீட்டர்) எதைப் பற்றிப் பேசினாலும் யானை வலசை, ராகிக் கொல்லையில் யானை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை என்றே பேச்சு போகும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பெரிய விலங்குக்கு இடம் விட்டால் அதோடு சேர்ந்து மரம் செடி கொடியும் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் இந்தியா முழுக்க நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு. ஆனால் யானை போகாத, புலி தங்காத இடத்தில் மட்டும் ஒரு செடி இருந்தால்? அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நடுக்கடல் தீவுகளைப் பார்ப்பது நல்லது. கரையில் இருந்து ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் எரிமலைத் தீவுகளில் மனிதன் போகும்வரை யானை, புலி, மான் எதுவும் கிடையாது, பல தீவுகளில் வௌவாலைத் தவிர தரையில் நடக்கும் பாலூட்டி ஒன்றுகூட இல்லை. அதனால் அங்கே காப்பகம் போட வேண்டும் என்றால் கடற்பறவைக்குப் போடலாம், ஆமைக்குப் போடலாம், இல்லையென்றால் நேராகச் செடிக்கே போட வேண்டும். செடியை மட்டும் வைத்து ஓர் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்ற கேள்விக்குத் தீவுகளில்தான் நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது. அந்த முறை நம் ஊர்க் கரடுகளுக்கும், அதாவது மொட்டைப் பாறைக் குன்றுகளுக்கும், உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் தீவுகளுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உலக நிலப்பரப்பில் தீவுகள் இருபதில் ஒரு பங்கு சொச்சம்தான், ஆனால் உலகத் தாவர இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. காற்றிலோ, பறவையின் காலில் ஒட்டிய சேற்றிலோ, கடலில் மிதந்தோ எப்போதோ வந்து சேர்ந்த ஒரு விதை, திரும்பப் போக வழியில்லாமல் அங்கேயே லட்சக்கணக்கான வருடம் மாறி மாறி வேறு இனமாகவே ஆகிவிடுகிறது. மேய்ந்து தின்ன யாரும் இல்லாததால் முள், கசப்பு, விஷம் போன்ற பாதுகாப்புகளைப் பல தீவுச் செடிகள் காலப்போக்கில் கைவிட்டும் விட்டன.

அங்கேதான் ஆடு வந்து இறங்கியது. அட்லாண்டிக் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினாவை 1502-ல் போர்த்துகீசியர்கள் கண்டுபிடித்தார்கள். பிற்காலத்தில் நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்தார்களே, அந்தத் தீவுதான். அடுத்த முறை கப்பல் வரும்போது கறிக்கு ஆகட்டும் என்று மாலுமிகள் ஆடுகளை விட்டுவிட்டுப் போவது அந்தக் காலத்து வழக்கம். 1588-ல் அங்கே இறங்கிய ஆங்கிலேய மாலுமிகள் ஒரு மைல் நீளத்துக்கு ஆட்டு மந்தை போவதைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். எண்பது வருடத்தில் அவ்வளவு. மரத்தை வேரோடு பிடுங்க வேண்டியதே இல்லை, முளைத்து வரும் கன்றையெல்லாம் தின்றால் போதும். வளர்ந்த மரம் வயதாகிச் சாகும்போது அதன் இடத்துக்கு ஆள் இருக்காது. நம்ம பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம், போச்சம்பள்ளி சந்தைக்கு வரும் ஆட்டின் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. இங்கே மானும் காட்டெருமையும் மேய்ந்த நிலத்தில் முள்ளோடும் பாலோடும் கசப்போடும் பழகி வளர்ந்த செடிகள் இருக்கின்றன, எருக்கையும் ஆடாதோடையையும் ஆடு தானாகவே விட்டு விலகும். செயின்ட் ஹெலினாச் செடிகளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

இதனால் வந்த ஒரு விளைவுதான் இந்தக் கட்டுரையின் மையம். தீவுகளில் அரிய செடிகள் இன்று மிஞ்சியிருக்கும் இடத்தைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கும். செங்குத்துப் பாறை, சரியும் கல்லுக்கு நடுவில் ஓர் இடுக்கு, கயிறு கட்டி இறங்க வேண்டிய விளிம்பு. செயின்ட் ஹெலினாவின் கருங்காலி அழிந்து நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது என்று நம்பியிருந்தார்கள். 1980-ல் தாவரவியலாளர் குவென்டின் கிராங்கும் தீவுக்காரரான ஜார்ஜ் பெஞ்சமினும் ஒரு மலை விளிம்பில் இரண்டே இரண்டு புதர்களைக் கண்டார்கள். இன்று அந்தத் தீவில் நட்டு வைத்திருக்கும் கருங்காலி எல்லாம் அந்த இரண்டில் இருந்து வந்தவை. நியூசிலாந்துக்கு வடக்கே இருக்கும் த்ரீ கிங்ஸ் தீவுகளில் 1945-ல் ஒரே ஒரு பென்னான்டியா மரம் கிடைத்தது, அதுவும் பெண் மரம், அதுவும் கல் சரிவில். மறு வருடமே அங்கிருந்து ஆடுகளை ஒழித்தார்கள். துணை மரம் இல்லாமல் பல பத்தாண்டுகள் விதையே இல்லாமல் கிடந்து, கடைசியில் வெட்டுத்துண்டில் இருந்து வளர்த்த மரத்துக்குத் தாவர ஊக்கி கொடுத்து விதை பிடிக்க வைத்தார்கள், நாற்றுகள் தீவுக்குத் திரும்பின. ஹவாயின் கவாய் தீவில் 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மனிதன் இறங்கவே முடியாத கலலாவ் பள்ளத்தாக்கின் பாறைச் சுவரை ட்ரோனால் படம் பிடித்துப் பார்த்தபோது, அழிந்ததாகக் கருதிய ஒரு செம்பருத்திச் சொந்தக்காரச் செடி அங்கே நின்றுகொண்டிருந்தது.

இந்தக் கதைகளைக் கேட்டால் இந்தச் செடிகளுக்குப் பாறைதான் பிடிக்கும் போல என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஆடு ஏறாத இடம் அது, அவ்வளவுதான். கீழே மண் ஆழமாக இருந்த சரிவுகளில் காடாக நின்றது, அந்தக் காடு போன பிறகு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு உயிரை வைத்திருக்கிறது. ஆகவே செடி இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு இதுதான் அதற்கான இடம் என்று முடித்தால், ஒளிந்த இடத்தையே வீடு என்று எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேலை தெரிந்தவர்கள் கோட்டைக் கீழே, இன்று வெறும் புல்லும் களையுமாகக் கிடக்கும் சரிவு வரை இழுத்துப் போடுவார்கள், நாளைக்கு அது திரும்ப இறங்கி வர இடம் வேண்டும் என்பதற்காக. வெறும் களைக்காடு எதற்குப் பாதுகாப்புப் பகுதியில் என்று கேட்கும் அதிகாரிகளுக்கு இதைப் புரிய வைப்பது லேசான காரியம் இல்லை.

சரி, எந்த இடம் முக்கியம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பிரிட்டனின் பிளான்ட்லைஃப் அமைப்பு முன்னெடுத்த முக்கியத் தாவரப் பகுதிகள் என்ற முறை இதற்கு இருக்கிறது. ஐரோப்பாவில் தொடங்கியது, 2017-ல் உலகம் முழுக்கப் பொருந்துகிற மாதிரி அளவுகோல்களைத் திருத்தினார்கள், வெப்பமண்டல நாடுகளுக்கு லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா 2015-ல் இருந்து தனித் திட்டம் நடத்துகிறது. அளவுகோல் மூன்று வகை. அழிவின் விளிம்பில் உள்ள இனம் இருக்கிறதா, தாவர வளம் அசாதாரணமாக இருக்கிறதா, அழிவாபத்தில் உள்ள வாழிடம் இருக்கிறதா. மூன்றில் ஒன்று தேறினால்கூடப் போதும். முதல் வகைதான் அதிகம் பயன்படுகிறது: அழிவாபத்தில் உள்ள ஒரு செடியின் உலக மொத்தத்தில் 1 சதவீதமாவது அந்த இடத்தில் இருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டில் உள்ளதில் 5 சதவீதம் இருக்க வேண்டும், அல்லது அந்தச் செடிக்கு அந்த நாட்டில் இருக்கும் சிறந்த ஐந்து இடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். சிறந்த ஐந்து என்ற இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணிக்கை எடுக்கக் காசும் ஆளும் இல்லாத நாட்டிலும், களத்தில் நடந்து பழகிய நாலு பேரை உட்கார வைத்தால் ஐந்து இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

குறுகிய பரப்பில் மட்டும் வாழும் இனங்களுக்கும் இதில் கணக்கு உண்டு. பரவல் எல்லை 100 சதுர கிலோமீட்டருக்குள் இருந்தால் மிகக் குறுகியது, 5,000-க்குள் இருந்தால் குறுகியது. 5,000 சதுர கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய முழு கிருஷ்ணகிரி மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் ஹெலினா மொத்தமே சுமார் 122 சதுர கிலோமீட்டர்தான், நம்ம தாலுகா ஒன்றில் பாதிகூடத் தேறாது. அப்படியென்றால் அந்தத் தீவுக்கே உரிய செடி எதை எடுத்தாலும் அது குறுகிய வகை, பெரும்பாலானவை மிகக் குறுகிய வகை. எல்லா மூலையும் முக்கியம் என்று வந்துவிட்டால் பட்டியல் போட்டும் பிரயோசனம் இல்லை, முதலில் எங்கே வேலி போடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். சின்னத் தீவுகளில் இதுதான் உண்மையான தலைவலி. அதனால்தான் அங்கே வேலை செய்கிறவர்கள் அளவுகோலை மட்டும் நம்பாமல், ஒரே இடத்தில் எத்தனை அரிய இனம் சேர்ந்திருக்கிறது, தண்ணீர் எங்கே பிடிக்கிறது, பக்கத்து இடத்தோடு தொடர்பு இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்கிறார்கள். செயின்ட் ஹெலினாவில் மேகம் மோதும் உச்சி முகடுகள் அப்படித்தான் முன்னுக்கு வந்தன. ஓரிடவாழ்விகள், அதாவது வேறெங்கும் இல்லாத இனங்கள், கூட்டமாக நிற்பதும் அங்கே, தீவின் குடிதண்ணீருக்கு மூட்டம் பிடித்துத் தருவதும் அங்கே.

களப்பணி வெளியில் இருந்து பார்ப்பது போல இருக்காது. பாதி வேலை மேசையில் நடக்கிறது. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ பறித்து அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாள்கள் உலர்தாவரத் தொகுப்புகளில் கிடக்கும், அதில் இடம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் தீவின் பெயர் மட்டுமாக இருக்கும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் மலையின் பெயர். அதை வைத்து எந்த ஓடை, எந்தச் சரிவு என்று ஊகிக்க வேண்டும். பிறகு பூக்கும் மாதத்தில் போக வேண்டும், மாதம் தப்பினால் செடி கண் முன்னே இருந்தும் தெரியாது. போய்த் தேடி இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும். இல்லை என்ற பதிவை யாரும் மதிப்பதில்லை, ஆனால் பிற்காலத்தில் அதுதான் அதிகம் உதவும்.

தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுநூறுக்கும் மேல் தீவுகள், மூவாயிரம் சொச்சம் மனிதர்கள், லட்சக்கணக்கில் செம்மறி ஆடுகள். மண்ணுக்குரிய மரம் ஒன்றுகூடக் கிடையாது, காற்று அப்படி. பூக்கும் செடியும் பெரணியுமாகச் சுமார் 180 இனம், அதில் பத்துக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. தீவுகளைப் பத்துக்குப் பத்து கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று குறித்து வந்த பதிவுகளின் மேல்தான் அங்கே முக்கியத் தாவரப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பெரும்பாலான நிலம் தனியார் பண்ணை. அதனால் கோடு போடுவதற்கு முன் பண்ணைக்காரரிடம் பேச வேண்டும், எந்த மாதம் ஆட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது வரை. ஃபெல்டன் பூ என்று ஒரு சிவந்த பூ, இயற்கையில் அழிந்துவிட்டது என்று எழுதிய பிறகும் வீட்டுத் தோட்டங்களில் மக்கள் விதை வாங்கி விதை கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பெண்கள் சாமந்தி நாற்றைக் கைமாற்றிக்கொள்கிற அதே பழக்கம்தான் ஓர் இனத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது.

கரீபியன் பக்கம் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் இந்த வேலை 2016-ல் தொடங்கி நடந்துகொண்டிருந்தபோதே, 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி அடித்தது. முந்தைய வருடம் எண்ணி வைத்த மரங்களின் கதி என்ன என்று மறுபடி போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. அங்கே அனேகடா என்ற தீவு பவளச் சுண்ணாம்பால் ஆனது, அதன் உச்சி கடல் மட்டத்தில் இருந்து பத்து மீட்டர்கூட இல்லை. கிட்டத்தட்ட அந்த ஒரு தீவை நம்பியே வாழும் முள்மரம் ஒன்று இருக்கிறது. கடல் கொஞ்சம் உயர்ந்தால் அதற்கு ஏற மேடு கிடையாது. இந்த மாதிரி இடத்தில் எல்லையைக் கச்சிதமாகப் போட்டு மட்டும் என்ன செய்வது என்று எனக்கு ஒரு சோர்வு வருகிறது, அதனால்தான் விதையை வெளியே சேமித்து வைக்கும் வேலையும் சேர்ந்தே நடக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது, முக்கியத் தாவரப் பகுதி என்ற பெயருக்குச் சட்ட பலம் தானாக வருவதில்லை. அது ஓர் ஆவணம். அரசாங்கம் அதை எடுத்துச் சட்டப்படி பாதுகாத்தால் உண்டு, இல்லாவிட்டால் ரோடு போடுகிறவரும் ஹோட்டல் கட்டுகிறவரும் ஒரு தடவை யோசிப்பதற்கு உதவும், அவ்வளவே. உலக நாடுகள் 2002-ல் ஏற்றுக்கொண்ட தாவரப் பாதுகாப்பு உத்தியில் முக்கியமான தாவர இடங்களில் பாதியையாவது 2010-க்குள் காப்பது என்றும், பிறகு 2020-க்குள் 75 சதவீதம் என்றும் இலக்கு வைத்தார்கள். இலக்கை உயர்த்துவது எப்போதும் சுலபம்தான்.

சட்டம் வந்த பிறகும் வேலை முடியாது. வேலிக்குள்ளே இருக்கும் எலியை யார் எடுப்பது? ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் 1918-ல் ஒரு கப்பல் தரைதட்டியதில் எலி ஏறியது, அதன் பிறகு அந்தத் தீவின் பனை விதைகள் அதற்குத் தீனி. நூறு வருடம் கழித்து, 2019-ல்தான் தீவு முழுக்க விஷ உணவு வைத்து ஒழிக்கும் பெரிய முயற்சி நடந்தது. அவசரப்பட்டு ஒன்றை மட்டும் ஒழித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் இருக்கும் மக்குவாரி தீவு உதாரணம். பறவைகளைத் தின்கிறது என்று பூனைகளை 2000-க்குள் முழுக்கப் பிடித்தார்கள், அதுவரை பூனைக்குப் பயந்திருந்த முயல் பெருகி மலைச்சரிவையே மொட்டை அடித்துவிட்டது. மறுபடி கோடிக்கணக்கில் செலவு செய்து முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒன்றாக எடுத்து 2014-ல் முடித்தார்கள். எதை முதலில் எடுப்பது என்ற வரிசைக்கு அவ்வளவு விலை.

எடுப்பது மட்டும் இல்லை, சில இடத்தில் கொண்டுவந்து விடவும் வேண்டும். மொரீஷியஸை ஒட்டிய இல் ஓ எக்ரெட் என்ற சின்னத் தீவில் கருங்காலிக் காடு மிஞ்சியிருந்தது, ஆனால் அதன் பழத்தைத் தின்று விதை பரப்பிய பெரிய ஆமைகள் அழிந்து போயிருந்தன. பழம் தாய்மரத்தடியிலேயே விழுந்து குவிந்து கிடந்தது. 2000 வாக்கில் செஷல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவில் இருந்து வந்த ராட்சத ஆமைகளை அங்கே விட்டார்கள், அவை தின்று கழித்த இடத்தில் எல்லாம் கருங்காலி முளைத்தது.

தாமதம் ஆனால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். செயின்ட் ஹெலினா ஆலிவ் 1977-ல் ஒரே ஒரு மரமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மரம் 1994-ல் பட்டுப்போனது, கன்றாக வளர்த்து வைத்திருந்த கடைசிச் செடியும் 2003-ல் பூஞ்சை பிடித்துச் செத்தது. முடிந்தது. மொரீஷியஸின் கியூர்பீப் பூங்காவில் ஒரு பனை நிற்கிறது, அந்த இனத்தில் உலகத்திலேயே அது ஒன்றுதான், கம்பிக் கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மரம் மட்டும் மிஞ்சிய பிறகு இடம் குறிப்பதில் அர்த்தம் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஆஸ்பத்திரி வேலை. அந்த வேலையிலும் அபூர்வமாக வெற்றி கிடைக்கும்: அசென்ஷன் தீவில் அழிந்ததாக 2003-ல் அறிவித்த ஒரு குட்டிப் பெரணி 2009-ல் கிரீன் மலையின் பாறையில் கிடைத்தது, வித்துக்களை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விமானத்தில் கியூவுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள்.

மொரீஷியஸுக்குச் சொந்தமான ரோட்ரிகஸ் தீவின் காட்டுக் காப்பிச் செடி கதை கொஞ்சம் வேறு. 1980 வாக்கில் ஒரு பள்ளி ஆசிரியர் பழைய படத்தைக் காட்டி இந்தச் செடியை எங்காவது பார்த்தீர்களா என்று கேட்க, ஒரு பையன் மறுநாள் கிளையோடு வந்து நின்றான். அழிந்ததாக நினைத்த இனம், ரோட்டோரம், ஒரே ஒரு செடி. செய்தி பரவியதும் நாட்டு வைத்தியத்துக்கு ஆகும் என்று ஊர்க்காரர்கள் வந்து கிளையை ஒடித்துப் போக ஆரம்பித்தார்கள், வேலி போட, அதையும் தாண்டி வர, வேலிக்கு மேல் வேலி போட்டார்கள். கண்டுபிடிப்பதே ஆபத்தாகவும் ஆகலாம்.

இந்தியாவிடமும் தூரத்துத் தீவுகள் இருக்கின்றன. அந்தமானில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகப் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். அஞ்செட்டிக் காட்டில் புள்ளிமான் இருந்தால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம், ஆனால் அந்தமானில் அதைத் தின்ன சிறுத்தை இல்லை, காட்டுநாய் இல்லை, முளைக்கும் கன்றையெல்லாம் அது மேய்ந்துவிடுகிறது. இன்டர்வியூ தீவில் மரம் இழுக்கக் கொண்டுபோன யானைகளை, கம்பெனி 1960களில் மூடியபோது அப்படியே விட்டுவிட்டார்கள், காட்டு யானையாகத் திரிந்து பிரம்பையும் தாழையையும் தின்று தீர்த்தன. நம்ம பக்கம் காட்டின் அடையாளமான அதே யானைதான்.

கிரேட் நிகோபாரில் இன்னும் பெரிய விஷயம் நடக்கிறது. துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று சுமார் 166 சதுர கிலோமீட்டர் திட்டத்துக்கு 2022-ல் அனுமதி கொடுத்தார்கள், அதில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. அரசுக் கணக்குப்படியே 9.64 லட்சம் மரங்கள் போகலாம். அதற்கு ஈடாக மரம் நடப்போவது ஹரியானாவில். காட்டை ஏக்கர் கணக்காக மட்டும் பார்த்தால் இந்த ஈடு சரியாகத்தான் வரும், கூட்டிக் கழித்தால் தாளில் நஷ்டமே தெரியாது. எந்த இனம், எந்த இடம், வேறெங்கே இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்ட உடனே அந்தக் கணக்கு நொறுங்கிவிடும். முக்கியத் தாவரப் பகுதி முறை செய்யும் உபகாரம் அதுதான், பரப்பளவைப் பார்க்கும் கண்ணை இனத்தின் பக்கம் திருப்புகிறது.

இப்போது நம்ம ஊர். சேர்வராயன், சித்தேரி, வத்தல்மலை, மேலகிரி என்று சமவெளிக்கு நடுவில் தனித்தனியாக எழுந்து நிற்கும் மலைகளைச் செடியின் கண்ணால் பார்த்தால் அவையும் தீவுகள்தான். மேலே குளிர்ச்சியும் மூட்டமும் தேவைப்படும் ஒரு செடிக்கு நடுவில் இருக்கும் வறண்ட சமவெளி கடல் மாதிரி. சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா மரம் ஒன்று உண்டு, இன்று அருகிப்போன இனம். இந்த மலைகளில் பறித்த பழைய மாதிரிகள் திருச்சி ராப்பினாட் தொகுப்பிலும் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தொகுப்பிலும் இருக்கின்றன, மேசை வேலை தொடங்க வேண்டிய இடம் அது.

ஆனால் எனக்குக் கவலை பெரிய மலைகளைப் பற்றி அல்ல, அவற்றில் பெரும்பகுதி காப்புக்காட்டுக்குள் இருக்கிறது, உண்ணிச்செடி மூடியிருந்தாலும் நிலம் நிலமாக இருக்கிறது. கவலை கரடுகளைப் பற்றி. ராயக்கோட்டையில் இருந்து பர்கூர் வரை வழி நெடுக நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளைப் பாருங்கள். வெயில் காலத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். மழைக்குப் பிறகு ஏறிப் பார்த்தால் சருகாகிக் கிடந்த மயில்சிகைப் பெரணி விரிந்திருக்கும், இடுக்கில் கள்ளிமுளையான் தலை நீட்டியிருக்கும், சுனையைச் சுற்றி நகக்கண் அளவுப் பூக்கள் சில வாரத்துக்குள் முளைத்துப் பூத்து விதைத்து முடித்துவிடும். யானை அங்கே ஏறாது, அதனால் எந்தச் சரணாலய எல்லையிலும் அது வராது. வருவாய்த் துறைக் கணக்கில் கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு, தீர்வை ஏற்படாத தரிசு. குவாரிக்கு ஏலம் விட இதைவிட வசதியான பெயர் கிடையாது. கிரானைட் தொழிலால் இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது என்பது எனக்குத் தெரியும், எல்லாக் கரட்டையும் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று பிரிக்கவாவது ஒரு பட்டியல் வேண்டும். சிறந்த ஐந்து என்ற அளவுகோலை ஒரு தாலுகாவுக்கு வைத்துப் பார்த்தாலே போதும், ஆடு மேய்க்கிறவரும் மூலிகை பறிக்கிறவரும் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்தால் முதல் பட்டியல் வந்துவிடும்.

சட்டத்தில் வழியும் இருக்கிறது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி மாநில அரசு பல்லுயிர் மரபுத் தலம் அறிவிக்கலாம், மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022-ல் அப்படித்தான் வந்தது, அதுவும் பாறைக் குன்றுகள்தான், அங்கே டங்ஸ்டன் சுரங்கப் பேச்சு வந்தபோது மக்கள் கையில் பிடித்துப் பேச அந்த அறிவிப்பு இருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டிக் கோயில் காட்டையும் 2025-ல் அறிவித்தார்கள். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். உங்கள் ஊராட்சிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேம்பு, புளி, துளசி என்று எந்த ஊருக்கும் பொருந்துகிற பட்டியல் இருந்தால் அது எந்தக் கரட்டையும் காப்பாற்றாது. இந்தச் செடி, இந்தக் கரட்டின் வடக்குச் சரிவில், சுனைக்குப் பக்கத்தில், இந்த மாதம் பூவோடு இருந்தது, இந்தச் சர்வே எண் என்று எழுதியிருந்தால்தான் நாளைக்கு ஏல அறிவிப்பு வரும்போது எடுத்து நீட்ட முடியும்.

போட்டோ எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இலையின் முன்பக்கம், பின்பக்கம், பூ, காய், செடி நிற்கும் பாறை எல்லாவற்றையும் தனித்தனியாக எடுங்கள், பூ மட்டும் அழகாக இருந்தால் அடையாளம் காண்பது கஷ்டம். உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் போட்டால் அழிவாபத்துப் பட்டியலில் உள்ள பல இனங்களின் துல்லியமான இடத்தை அதுவே மறைத்துச் சுமார் இருபதுக்கு இருபது கிலோமீட்டர் கட்டத்துக்குள் கலைத்துக் காட்டும், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எதுவும் மறைக்காது. கண்ணில் பட்டது சந்தன மரம் என்றால் குரூப்பில் லொகேஷன் போடாதீர்கள், வனத்துறைக்கு மட்டும் சொல்லுங்கள்.